விண்கல் சீட்டில் 'எல்6 எஸ்4 டபிள்யூ2' என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் நகத்தளவு விண்கல் துண்டு ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு சீட்டு: எல்6, எஸ்4, டபிள்யூ2. 6 என்றால் உயர்ந்த ரகம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு வாங்கியது. உள்ளே காண்டிரூல் எனப்படும் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும் என்று ஆசையாக லென்ஸை வைத்தேன். சிமெண்டுத் தரை மாதிரி ஒரே சாம்பல் நிறம். விற்றவர் மேல் தப்பில்லை. சீட்டில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கல் வகை விண்கற்களை மட்டும் இங்கே பார்ப்போம். எரிநட்சத்திரத்துக்கும் விண்கல்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கும், அதைத் தாண்டிவிடுகிறேன்.

படி 1: முதல் எழுத்து

எச், எல், எல்எல் என்ற மூன்றும் இரும்பைப் பற்றியவை. எச் என்றால் மொத்த இரும்பு அதிகம் (எடையில் சுமார் 27%), எல் என்றால் குறைவு (சுமார் 22%). எல்எல்-இல் மொத்த இரும்பும் குறைவு, அதில் உலோகமாக இருப்பது இன்னும் குறைவு. மீதி இரும்பெல்லாம் ஓலிவின், பைராக்சீன் தாதுக்களுக்குள் போய்விட்டது. பூமியில் விழும் விண்கற்களில் பத்துக்கு எட்டு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சி என்று தொடங்கினால் கார்பன் வகை. அங்கே இரண்டாவது எழுத்து பெரும்பாலும், அந்த வகைக்கு மாதிரியாக வைத்திருக்கும் கல் விழுந்த ஊரைக் குறிக்கும். 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே சிவி3, அதே வருடம் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் சிஎம்2. (இவை இரண்டும் அந்த மாதிரிக் கற்கள் இல்லை, அந்த வகையைச் சேர்ந்தவை மட்டுமே.)

படி 2: எண் (நான் வழுக்கி விழுந்த இடம்)

இது மதிப்பெண் இல்லை. 1967-இல் வான் ஷ்மஸ், உட் என்ற விஞ்ஞானிகள் இருவரும் போட்ட இந்த வரிசை 1-இல் தொடங்கி 6-இல் முடிந்தாலும், படிக்க வேண்டியது 3-இல் இருந்து. 3 என்றால் கல் பிறந்தபோது இருந்த நிலையில் இருந்து அதிகம் மாறவில்லை. அங்கிருந்து 4, 5, 6 என்று போனால், தாய்க்கோளுக்குள் (கல் எதிலிருந்து உடைந்து வந்ததோ அதற்குள்) சூட்டில் வெந்திருக்கிறது. 2, 1 என்று இந்தப் பக்கம் வந்தால், தண்ணீர் பட்டு மாறியிருக்கிறது.

பூந்தி லட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 3-இல் ஒவ்வொரு பூந்தியும் தனித்தனியாகத் தெரியும். 6-இல் பூந்தியும் அதைச் சுற்றியுள்ள பாகும் ஒன்றோடொன்று கரைந்து, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. கல் உருகவில்லை, ஆனால் நெடுங்காலம் சூட்டிலேயே கிடந்ததில் படிகங்கள் புதிதாக வளர்ந்துவிட்டன. எண் 1-இல் கூத்து வேறு: காண்டிரூலே கிட்டத்தட்ட இருக்காது, இருந்தாலும் பெயர் காண்டிரைட் (காண்டிரூலால் வந்த பெயர், இந்த எழுத்தும் எண்ணும் போடும் கற்களுக்கெல்லாம் அதுதான் பொதுப்பெயர்)!

ஆக, உருண்டை பார்க்க ஆசையா? 3 வாங்குங்கள், அல்லது 4. விலை கொஞ்சம் கூடத்தான்.

(பின்சேர்க்கை: 3.00 என்று தசமத்தில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். 3-ஐ மட்டும் 3.0 முதல் 3.9 வரை பிரிப்பார்கள். தசமம் சிறிதாக இருந்தால் மாற்றமும் அந்த அளவுக்குக் குறைவு. 1940-இல் மத்தியப் பிரதேசத்தில் விழுந்த செமர்கோனா எல்எல்3.00. இன்னொருவர் 5-6, 5/6 இரண்டும் ஒன்றா என்றார். இல்லை. சிறுகோடு போட்டால் 5-உம் 6-உம் துண்டுதுண்டாகக் கலந்த கல். சாய்கோடு போட்டால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கல். எனக்கே அதுவரை இது தெரியாது.)

படி 3: எஸ், டபிள்யூ

எஸ் என்பது விண்வெளியில் வாங்கிய அடி. எஸ்1 என்றால் அடியே படவில்லை, எஸ்6 என்றால் சில இடங்கள் உருகும் அளவுக்குச் செம அடி. டபிள்யூ என்பது பூமிக்கு வந்த பிறகு பிடித்த துரு. டபிள்யூ0-இல் துருவே தெரியாது, என் டபிள்யூ2-இல் உலோகத்தில் 20 முதல் 60% போய்விட்டது. பாலைவனத்தில் பல காலம் கிடந்த கல்லுக்கு இது சகஜம்.

இப்போது ஒன்றைப் படித்துப் பாருங்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் விழுந்த செல்யாபின்ஸ்க்: எல்எல்5, எஸ்4, டபிள்யூ0. உலோகம் குறைவு, நன்றாக வெந்தது, நடுத்தர அடி, துரு இல்லை. விழுந்த சில நாட்களிலேயே பொறுக்கியதால்தான் அந்த 0.

எழுத்தும் எண்ணும் இல்லாமல் யூக்ரைட், ஷெர்கோட்டைட் என்று ஏதாவது பெயர் மட்டும் இருந்தால், அது உருகி உறைந்த கல், காண்டிரூல் தேடாதீர்கள். ஷெர்கோட்டைட் என்பதே 1865-இல் பீகாரின் ஷெர்கோட்டியில் விழுந்த கல்லால் வந்த பெயர். செவ்வாயில் இருந்து வந்த கல் அது.

கருவிகள்

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். யூஎஸ்பி நுண்ணோக்கி வாங்கி மூலையில் போட்டிருக்கிறேன், கை நடுங்கினால் படமும் நடுங்குகிறது. காந்தம் வேண்டுமென்றால் சாதாரணக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லின் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். நியோடிமியம் என்ற சக்தி மிகுந்த காந்தத்தைக் கல்லில் ஒட்டவே ஒட்டாதீர்கள். கல்லில் கோடிக்கணக்கான வருடமாகப் பதிந்திருக்கும் காந்தத் தடயத்தை அது ஒரு நொடியில் அழித்துவிடும்.

வயலில் கிடைத்த கறுப்புக் கல்லையும் காந்தம் இழுக்கிறது, அது விண்கல்லா என்று கேட்பவர்களுக்கு: பீங்கான் டைல்ஸின் மெருகு இல்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல கறுப்பாகவோ கோடு விழுந்தால் பெரும்பாலும் அது இரும்புத் தாதுதான்.

கடைசியாக, கடலோர ஊர்க்காரர்கள் கேட்டது: கல் துருப்பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது? குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில், புது ஷூ பெட்டிக்குள் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்ற மறந்துதான் என் துண்டின் ஓரம் காவி நிறமாகிவிட்டது.