சிக் லீவை நம்பி பென்ஷன் கணக்குப் போடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஃபெடரல் அரசு வேலையில், ஃபெர்ஸ் (FERS) என்ற ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் ஓய்வு பெறும்போது மிச்சமிருக்கும் சிக் லீவ் பென்ஷன் சேவைக்காலத்தோடு சேரும். முன்பு பாதிதான் சேர்ந்தது. 2014 முதல் முழுதாகவே சேர்கிறது. நல்ல சலுகைதான். ஆனால் இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமல் தேதி குறித்துவிட்டால் நஷ்டம் பெரிது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஓய்வு பெறும் தகுதிக்கே சிக் லீவை நம்புவது. ஒருவருக்கு வயது 57, சேவை 29 ஆண்டு 8 மாதம், ஆறு மாதத்துக்கான சிக் லீவ் கையில் இருக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 30 தாண்டுகிறது. ஆனால் இந்த வயதில் பிடித்தமில்லாத பென்ஷன் வாங்க, சிக் லீவ் இல்லாமலேயே 30 ஆண்டு நிரம்பியிருக்க வேண்டும். தகுதி வந்த பிறகு, தொகையைக் கணக்கிடும்போதுதான் அது உள்ளே வரும். மீதி நான்கு மாதம் பொறுக்காமல் விலகி உடனே பென்ஷன் வாங்கினால், 62 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 சதவீதம் பிடித்தம், அதுவும் ஆயுள் முழுக்க. 62 வயதில் 20 ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளச் சராசரியில் வழக்கமான 1 சதவீதத்துக்குப் பதில் 1.1 சதவீதம் தரும் கணக்குக்கும் இதே கதைதான்.

தகுதி வரும் முன்பே வேலையை விட்டுவிட்டு, பிற்காலத்தில் பென்ஷன் வாங்குபவர்களுக்கு சிக் லீவ் ஒரு மணி நேரம்கூடச் சேராது. மீண்டும் ஃபெடரல் வேலைக்குத் திரும்பினால் பழைய இருப்பு திரும்பக் கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 8 மணி நேரத்தை ஒரு நாள் என்று எண்ணுவது. இந்தக் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 2,087 மணி நேரம், ஒரு மாதம் ஏறத்தாழ 174, ஒரு நாள் 5.8. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, முழு மாதமாகாத நாட்களைத் தள்ளிவிடுவார்கள். சேவை 28 ஆண்டு 4 மாதம் 20 நாள், சிக் லீவ் 2 மாதம் 5 நாள் என்றால் கூட்டுத்தொகை 28 ஆண்டு 6 மாதம் 25 நாள். அந்த 25 நாளும் வீண். ஐந்து நாள் தள்ளி ஓய்வு பெற்றால் இன்னொரு மாதம் முழுதாகச் சேரும்.

சிக் லீவைச் சேர்ப்பதற்காகக் காய்ச்சலோடு வேலைக்குப் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உயர்ந்த மூன்றாண்டுச் சம்பளச் சராசரி 1,00,000 டாலர் என்றால், 2,087 மணி நேரமும் சேர்த்து வைத்தவருக்கு 1 சதவீதக் கணக்கில் பென்ஷனில் கூடுவது ஆண்டுக்கு 1,000 டாலர், அதாவது ஒரு சிக் லீவ் நாளுக்கு நான்கு டாலர்கூட இல்லை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் எடுங்கள். மாறாக, கடைசி மாதங்களில் நோய் இல்லாமலே லீவ் போட்டுத் தீர்ப்பதும் வேண்டாம். அது ஒழுங்கு நடவடிக்கையில் முடியலாம்.

ஆனுவல் லீவுக்குக் கிடைப்பதுபோல இதற்குக் கையில் பணம் வராது. ஏஜென்சி மாறியவர்கள், பழைய இடத்து இருப்பு சம்பளச் சீட்டில் வந்திருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.