சட்டி காய்ந்தால் ஒட்டாது
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிவந்த புதிதில் நான் சுட்ட கார்ன்பிரெட், அதாவது மக்காச்சோள மாவு ரொட்டி, ஒவ்வொரு முறையும் அடிபிடித்தது. பாதி சட்டியில், பாதி தட்டில். எண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், பிசுபிசுப்புதான் மிச்சம். குளிர்ந்த சட்டியில் மாவை ஊற்றியதுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. கல் காயாமல் தோசை எடுக்க வருமா?

இப்போது 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டியை ஓவனுக்குள்ளேயே வைத்து 220 டிகிரி செல்சியசில் சூடாக்குகிறேன். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றி, மோர் சேர்த்துக் கரைத்த மக்காச்சோள மாவை ஊற்றுவேன். ‘சொய்ங்’ என்று சத்தம் வரவேண்டும். ஓரம் அப்போதே பொரியத் தொடங்கும். அப்புறம் ஓவனில் 20 நிமிடம். சர்க்கரையையும் நிறுத்திவிட்டேன், இந்தத் தென்மாநிலங்களில் பலர் போடுவதில்லை. நேற்று கவிழ்த்ததும் முழுதாக விழுந்தது, அடிப்பக்கம் முறுகலாக, செம்பொன் நிறத்தில்.