யாருக்கு ஓட்டுப் போடுவது? மலையில் முதல் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

கோயம்புத்தூரில் படிக்கும் அண்ணன் மகள் போன மாதம் நீலகிரியில் இருக்கும் எங்கள் கோத்தகிரிக்கு வந்திருந்தாள். வாக்காளர் அட்டை புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "அத்தை, அட்டை வந்துடுச்சு. யாருக்குப் போடறதுன்னு எப்படி முடிவு பண்றது? அதை மட்டும் யாருமே சொல்லித் தரலையே" என்றாள்.

உண்மைதான். பட்டனை எப்படி அழுத்துவது என்று ஊர் ஊராக வந்து செய்து காட்டுகிறார்கள். எந்தப் பட்டன் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று அவளோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கு என்று இதில் இருக்காது. ஒரு 40 பக்க நோட்டு, பேனா, நெட் உள்ள போன், இரண்டு மூன்று சாயங்காலம். இவ்வளவுதான் வேண்டும்.

படி 1: எந்தப் பதவிக்கான தேர்தல் என்று முதலில் பாருங்கள்

என் முதல் ஓட்டு ஒரு சட்டமன்றத் தேர்தலில். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பறித்த இலையைக் கொண்டுபோய்ப் போட்டால் ஏஜென்ட் சாக்கைத் தராசில் ஏற்றுவார். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்பார். மிச்சத்தைச் சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டுகளை அப்பா சுவரோரம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். கிலோவுக்கு என்ன விலை என்பது மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். அதனால், "பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை வாங்கித் தருவேன்" என்று மேடையில் சொன்னவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அவர் ஜெயித்தார். விலை ஏறவில்லை. ரொம்ப நாள் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

பிற்பாடுதான் விஷயம் புரிந்தது. மாதாமாதம் பச்சைத் தேயிலை விலையை அறிவிப்பது தேயிலை வாரியம். அது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துத்தான் இலைக்கு விலை வருகிறது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு அதில் நேரடிப் பிடி கிடையாது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவற்றின் இணையமான இன்கோசர்வும்தான் மாநில அரசின் கையில் இருக்கின்றன. மானியம் தரவும் மாநிலத்தால் முடியும். நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். கேள்வியை ஆள் மாற்றிக் கேட்டது என் தப்பு.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். எம்.பி., எம்.எல்.ஏ., உள்ளாட்சி.

எம்.பி. கட்டத்தில் தேயிலை வாரியம், தேசிய நெடுஞ்சாலை, ரயில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம், பழங்குடிப் பட்டியல் எல்லாம் வரும். எம்.எல்.ஏ. கட்டத்தில் அரசு ஆஸ்பத்திரி, அரசு பஸ், பள்ளிக்கூடம், பட்டா, மாநில அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள், யானை அடித்தால் தரும் இழப்பீடு, கூடலூர்ப் பக்கத்தில் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ன் கீழ் வரும் நிலம். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை ஆகியவை உள்ளாட்சிக்கு. ரோட்டில் மட்டும் கவனம் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏறுவது தேசிய நெடுஞ்சாலை. கோத்தகிரி வழியாக ஏறுவது மாநில நெடுஞ்சாலை. இரண்டிலும் மண் சரிகிறது, ஆனால் கேட்க வேண்டிய ஆள் வேறு.

தொகுதியையும் இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாவட்டத்தில் உதகமண்டலம், கூடலூர், குன்னூர் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். கோத்தகிரிக்காரர்கள் குன்னூர்த் தொகுதியில் வருகிறோம். கூடலூரும் நீலகிரி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதிகள். "அப்போ நாம போட முடியாதா அத்தை?" என்று கேட்டாள். போடலாம், எல்லோரும் போடலாம். நிற்கிறவர் மட்டும்தான் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

படி 2: உங்கள் மூன்று விஷயத்தை எழுதுங்கள்

பத்து எழுதாதீர்கள். மூன்று போதும், அதுவும் உங்கள் வீட்டில் நடப்பதாக இருக்கட்டும். அவள் எழுதியது: சாயங்காலம் ஊருக்குள் வரும் கடைசி பஸ், தாத்தாவின் தேயிலை, ராத்திரி நேரத்தில் நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது. எழுதியதும் ஒவ்வொன்றையும் படி 1-ன் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். இப்போது நடக்கும் தேர்தலுக்குச் சம்பந்தம் உள்ளது எது என்று தெரிந்துவிடும்.

படி 3: பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள்

இந்த ஒரு படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். வழக்கு, சொத்து, படிப்பு பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பெயரும், கீழே அந்தப் பத்திரமும் இருக்கும். ஆணையத்தின் செயலியிலும் பார்க்கலாம். நெட் எடுக்காத ஊரென்றால் தேர்தல் நடத்தும் அலுவலரின் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.

ஸ்கேன் செய்த பக்கங்கள் மங்கலாக இருக்கும். பெரிதாக்கி, மூன்று இடத்தில் நின்று படியுங்கள்.

முதலாவது வழக்கு. எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள், எந்தப் பிரிவு என்று பாருங்கள். தேயிலை விலைக்காகச் சாலை மறியல் செய்ததற்கும் வழக்கு இருக்கும், ஆளை அடித்ததற்கும் இருக்கும். இரண்டும் ஒன்றாகாது. போலீஸ் விசாரணையில் இருக்கிறதா, நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா, தண்டனை ஆகியிருக்கிறதா என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். வழக்கு உள்ளவரை நிறுத்தும் கட்சி, ஏன் அவரையே தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தையும் வெளியிட வேண்டும் என்பது 2020-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. அந்தக் காரணத்தையும் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது சொத்து. அவருடையது, துணைவருடையது, அவரை நம்பி இருப்பவர்களுடையது என்று தனித்தனிக் கட்டமாக இருக்கும். தொகை பெரிதா சிறிதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. போன முறையும் நின்றவர் என்றால் அந்தப் பழைய பத்திரத்தையும் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, வருமான வரிக் கட்டத்தில் காட்டிய வருமானத்தில் அவ்வளவு வாங்கியிருக்க முடியுமா? கூட்டிக் கழித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். நிலம் எந்த ஊரில், எந்த சர்வே எண்ணில் என்பது வரை எழுதியிருக்கும். தேயிலைத் தோட்டமோ காட்டேஜோ வைத்திருப்பவர் நிலச் சட்டம் பற்றிப் பேசும்போது அது நினைவில் இருக்கட்டும்.

மூன்றாவது அரசுக்குப் பாக்கியும் அரசு ஒப்பந்தமும். எல்லோரும் விட்டுவிடும் பக்கம் இது. அவளும் விரலால் தள்ளிக்கொண்டே போய்விட்டாள், நிறுத்திப் படிக்கச் சொன்னேன்.

படி 4: ஏற்கெனவே பதவியில் இருந்தவரா?

எம்.பி. என்றால் வேலை சுலபம். எத்தனை நாள் அவைக்குப் போனார், என்னென்ன கேள்வி கேட்டார் என்பதெல்லாம் மக்களவை இணையதளத்திலும், பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனத்தின் பக்கத்திலும் இருக்கிறது. கேள்விகளில் 'தேயிலை', 'யானை' என்று தேடிப் பாருங்கள். எம்.எல்.ஏ. விஷயத்தில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் அவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, எம்.பி.க்கு 5 கோடி. அந்தப் பணத்தில் கட்டிய நிழற்குடையின் நெற்றியில் எந்த ஆண்டு, எத்தனை லட்சம் என்று எழுதியிருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது தலையைத் தூக்கிப் படியுங்கள். எங்கள் ஊருக்குப் போகும் வழியில் அப்படி மூன்று இருக்கின்றன, ஒன்றுக்கு இப்போது கூரை இல்லை. அதையும் நோட்டில் எழுதினோம்.

படி 5: வாக்குறுதியைச் சலித்துப் பாருங்கள்

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் இரண்டு கேள்வி: இவர் நிற்கும் பதவிக்கு இதைச் செய்யும் அதிகாரம் இருக்கிறதா? இருந்தால், எந்த வழியில் செய்வார்?

மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். "இ-பாஸை எடுத்துவிடுவேன்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இ-பாஸ் 2024 மே 7-லிருந்து நடப்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு கட்டியதும் நீதிமன்றம்தான். லாட்ஜ், டாக்சி, கடை வைத்திருப்பவர்களின் கஷ்டம் நிஜம். சீசனில் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாமல் ரோடு அடைத்துக்கொள்வதும் நிஜம். அப்படியானால் வேட்பாளர் சொல்ல வேண்டியது, நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் எதை வாதாட வைப்பார், வண்டியை எங்கே நிறுத்த இடம் செய்வார் என்பதை. அது இல்லாத வாக்குறுதியின் பக்கத்தில் நாங்கள் ஒரு சுழி போட்டோம்.

படகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதும் அப்படித்தான். அரசியல் சாசனத்தின் 342-ஆவது பிரிவுப்படி பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர்கள் 2023-ல் சேர்ந்தது அந்த வழியில்தான். மாநில அரசு பரிந்துரைக்கலாம். எம்.எல்.ஏ. வேட்பாளர் "நானே வாங்கித் தருகிறேன்" என்றால் பாதி வழியைத்தான் சொல்கிறார்.

படி 6: ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?

அதிகம் சண்டை வரும் இடம் இது. என் கணக்கு இப்படி. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அதன்படி அவையில் வாக்கெடுப்பு என்றால், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறுகிறவர் பதவியையே இழக்க நேரிடும். ஆக ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விஷயத்தில் உங்கள் ஓட்டு ஆளை விடக் கட்சிக்குத்தான் போகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, பஸ் நின்றுவிட்டது, மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது என்றால் போனை எடுக்கிற ஆள் வேண்டும். உங்கள் மூன்று விஷயத்தில் எது எந்த வகை என்று பாருங்கள், எடை தானாகச் சாயும். கிராம ஊராட்சித் தேர்தலில் இந்தக் குழப்பமே இல்லை. தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

படி 7: ஒரு கேள்வியை நேரில் கேளுங்கள்

பிரசார ஜீப் நம் ஊருக்குள் பத்து நிமிஷம் நின்றால் பெரிது. சால்வை, ஆரத்தி, கிளம்பிவிடும். எழுதிய ஒரு கேள்வியோடு முன்னால் போய் நில்லுங்கள். "கடைசி பஸ் ஏழு மணிக்கு வேணும் அண்ணா, டெப்போவில் யாரிடம் பேசுவீங்க, எப்போ?" என்பது போல, பதிலில் பெயரும் தேதியும் வர வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். "பார்த்துக்கலாம்மா" என்றால் அதையும் எழுதுங்கள்.

மக்களவைத் தேர்தலில் இன்னொரு வேலை இருக்கிறது. நீலகிரி எம்.பி. தொகுதியில் பாதி சமவெளி: மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர். அதே வேட்பாளர் கீழே என்ன பேசினார் என்று செய்தியில் தேடுங்கள். இங்கே தேயிலை, அங்கே அத்திக்கடவுத் தண்ணீர் என்று பேசுவது இயல்புதான். மலையில் சொன்னதற்கு நேர்மாறாகக் கீழே சொல்லியிருக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

படி 8: கடைசி இரண்டு நாள்

கவர் வரும். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள், அப்போது சத்தியத்துக்கும் வேலை இல்லை. ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார் வசதியில் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு.

"நம்ம பூத்தில் யார் யாருக்குப் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுவார்கள். மலையில் பூத்துகள் சிறியவை, அதனால் பயம் வருகிறது. பூத்வாரியாக மொத்த ஓட்டு வெளியே வருவது உண்மை. ஆனால் உங்கள் ஓட்டு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தோட்டத்து லைன் வீட்டில் மேஸ்திரி சொன்னாலும், ஊரில் பெரியவர்கள் சொன்னாலும், மறைப்புக்குப் பின்னால் நீங்கள் ஒருவர் மட்டும்தான்.

ஒருவரும் தேறவில்லை என்றால் நோட்டா இருக்கிறது, 2013-லிருந்து. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார். அது தெரிந்து போட்டால் சரி.

பட்டனை அழுத்தியதும் பக்கத்திலிருக்கும் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும். நீங்கள் நினைத்த பெயரும் சின்னமும்தானா என்று நின்று பாருங்கள்.

அவளுடைய நோட்டில் இன்னும் 31 பக்கம் மிச்சம். ஜெயித்தவர் யாராக இருந்தாலும், "கடைசி பஸ்" என்று எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அவர் ஆபீஸுக்கு முதல் மாதமே மனுவோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நோட்டை இப்போது அப்பாவின் இலைச் சீட்டுக் கம்பிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறாள்.