பிடி என்றதும் 'கேட்ச்' போடாதீர்கள்

பாம்பன் தெற்குவாடியில் ஒரு காலை. வத்தை (சின்ன நாட்டுப்படகு) ஒன்று கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேமராவும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார். வத்தையில் இருந்த பையன் கயிற்றை அவர் பக்கமாக வீசி "கேட்ச்! கேட்ச்!" என்றான். கேமராவைத் தோளில் தள்ளிவிட்டு அவரும் அழகாகப் பிடித்துவிட்டார். பையன் அதோடு விடவில்லை. கயிறு அவர் கையில் இருக்கும்போதே மறுபடியும் "கேட்ச் இட், கேட்ச் இட்!" என்று கத்தினான். அடுத்த கயிறு வரப்போகிறது என்று நினைத்து, இருந்த கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் அவர். வத்தை ஒதுங்கிப்போய் பக்கத்து வல்லத்தில் டொக்கென்று இடித்தது.

அந்தப் பையன் சாயங்காலத்தில் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கிறவன். ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

பறந்து வருவதை எட்டிப் பிடிப்பதும் தமிழில் பிடிதான், பிடித்ததை நழுவவிடாமல் வைத்திருப்பதும் பிடிதான். ஆங்கிலத்தில் முதலாவதுதான் கேட்ச். இரண்டாவது ஹோல்ட். கேட்ச் ஒரு நொடி வேலை. கைக்கு வந்ததும் முடிந்துபோய்விடும். பையன் இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டியது 'ஹோல்ட் இட்'. சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் 'பத்து நிமிஷம்' என்று சேர்த்துப் பாருங்கள். 'பத்து நிமிஷம் குடையைப் பிடி' சரியாக இருக்கிறதா? அப்படியானால் அது ஹோல்ட். 'பத்து நிமிஷம் பந்தைக் கேட்ச் பண்ணினான்' என்று யாரும் சொல்லமாட்டோம். (நாம் 'கேட்ச் பிடிச்சான்' என்று இரண்டையும் ஒட்டியே வைத்திருக்கிறோம், அது தனிக்கதை.)

நம் பிடியும் அவர்கள் கேட்சும் சில இடங்களில் அச்சாகப் பொருந்துவதால்தான் இவ்வளவு குழப்பமும். மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், படகு தீப்பிடிக்கிறது. மூன்றுக்கும் கேட்ச் சரி. அந்தத் தைரியத்தில் வீடு பிடிப்பதற்கும், போட்டோ பிடிப்பதற்கும், சம்பளத்தில் பிடிப்பதற்கும் அதையே போடுகிறார்கள். வாடகைக்கு வீடு பிடிப்பது ஃபைண்ட். போட்டோவுக்கு டேக். சம்பளத்தில் பிடிப்பது டிடக்ட். உப்புக்காற்றில் நங்கூரம் துருப்பிடித்தால் ரஸ்ட் என்ற சொல்லே வினையாகிவிடும், அங்கே பிடிப்பதற்கு யாரும் வேண்டாம். எனக்கு மீன் பிடிக்கும் என்பதை 'ஐ கேட்ச் ஃபிஷ்' என்று எழுதியவர்களை வருஷத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். எங்கள் ஊரில் பெரும்பாலும் அதுவும் உண்மையாகவே இருப்பதால் தப்பித்துக்கொள்கிறார்கள்.

சளி விஷயத்தில் திசையே மாறிவிடுகிறது. தமிழில் சளிதான் நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம்தான் சளியைப் பிடிக்கிறோம்: 'ஐ காட் எ கோல்ட்' (கேட்சின் இறந்தகாலம் காட்). 'கோல்ட் காட் மீ' என்றால் கேட்பவர் சிரிப்பார். அதைவிடப் பரவலான தவறு, 'டூ டேஸா ஐ ஆம் கேட்சிங் கோல்ட்' என்பது. கேட்ச் என்பது சளி தொற்றிய அந்த நேரத்துக்கு மட்டும். அப்புறம் மூக்கு ஒழுகும் இரண்டு நாளும் 'ஐ ஹேவ் எ கோல்ட்' தான்.

மீன்பிடிக்கு வருவோம். நம் ஆட்கள் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் இடறுவது இங்கேதான், தொழிலே இதுவாக இருந்தும். டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகில் போய், விடிய விடிய வலை இழுத்துவிட்டு, ஐஸ் காசுக்குக்கூடத் தேறாமல் திரும்புவதை நாம் என்ன சொல்வோம்? 'ராத்திரி பூரா மீன் பிடிச்சோம், ஒண்ணும் கிடைக்கலை.' இதில் ஒரு முரணும் இல்லை. ஆனால் 'வீ காட் ஃபிஷ் ஆல் நைட்' என்று எழுதினால் ராத்திரி முழுக்க மீன் வந்து விழுந்தது என்று ஆகிவிடும். முயற்சிக்கு ஃபிஷ் என்ற வினை, கிடைத்ததற்குக் கேட்ச். 'வீ ஃபிஷ்ட் ஆல் நைட் பட் காட் நத்திங்.' ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடப்பில் இருக்கும் தடைக்காலமும் ஃபிஷிங் பேன் தான், கேட்சிங் பேன் இல்லை. கிடைப்பதைத் தடை செய்ய சட்டம் வேண்டியதில்லை, சில மாதங்களில் கடலே அதைச் செய்துவிடுகிறது.

அடுத்த தவறு சிரித்துவிட்டுப் போகிற வகை இல்லை. இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கணவனையோ மகனையோ இலங்கைக் கடற்படை கொண்டுபோய்விட்டது என்றால் வீட்டுப் பெண்கள் மனுவும் கையுமாக அலைவார்கள். மனுவின் ஆங்கிலப் பிரதியை டைப் அடித்துத் தரும் கடைகள் உண்டு. அப்படி ஒன்று ஒருமுறை என் பார்வைக்கு வந்தது. 'மை ஹஸ்பண்ட் வாஸ் காட் ஃபிஷிங்' என்று இருந்தது. 'மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டார்கள்' என்பதைத்தான் எழுத நினைத்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றி 'காட்' என்று போட்டு, பின்னால் ஒரு செயலைச் சேர்த்தால், செய்யக்கூடாததைச் செய்தபோது கையும் களவுமாக மாட்டினார் என்ற தொனி வந்துவிடும். திருடும்போது காட், காப்பி அடிக்கும்போது காட், அந்த வரிசையில் இவரும். அந்தப் பெண் எழுதிய மனுவே புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் ஆளுக்கு அரெஸ்ட், படகுக்கும் வலைக்கும் சீஸ், அதாவது பறிமுதல். 'தி நேவி அரெஸ்டட் மை ஹஸ்பண்ட் அண்ட் சீஸ்ட் தி போட்' என்றால் நடந்தது மட்டும் நிற்கும், பழி ஒட்டாது. கடல் செய்திகளில் டீடெய்ன் என்றும் அடிக்கடி வரும். அது நிறுத்திவைத்திருப்பதை மட்டும் சொல்லும். வழக்குப் போட்டார்களா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆகவே தகவல் முழுதாகத் தெரியாத முதல் நாளில் டீடெய்ன் என்று எழுதுவது நல்லது.

அகராதியில் கேட்ச் பக்கத்தில் கேப்ச்சர், ட்ராப், க்ராப், ஸ்னாட்ச் என்று வரிசையாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடலாம் என்று அர்த்தமில்லை. கேப்ச்சரில் பலம் அல்லது படை இருக்கும். ட்ராப்பில் பொறி இருக்கும், நண்டுக்கூடு மாதிரி. க்ராப் அவசரமாகப் பற்றுவது. ஸ்னாட்ச் வெடுக்கென்று பறிப்பது; ஏலக்கூடையில் இருந்து காக்கை சூடை மீனைக் கொண்டுபோவது.

பஸ்ஸுக்குக் கேட்ச் சரி என்றேன், அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரத்துக்குப் போய் ஏறுவது கேட்ச். இந்த வண்டியில் போகிறேன் என்று பொதுவாகச் சொல்வது டேக். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதுப்பாலம் திறக்கும்வரை தீவில் இருந்த எங்களுக்கு இந்த இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் தேவைப்பட்டன: 'ஐ டேக் எ பஸ் டு மண்டபம் டு கேட்ச் தி ட்ரெய்ன்.' பஸ் அடுத்தடுத்து வரும், விட்டாலும் கவலை இல்லை. ரயில் போனால் போனதுதான்.

'ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்' என்பதும் இப்படித்தான். பெயர் காதோரமாகப் பறந்துபோய்விட்டது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். தனுஷ்கோடியில் யாராவது இப்படிக் கேட்டால் முழிக்காமல் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இந்த நழுவுகிற, துரத்துகிற வாசனை எங்கிருந்து வந்தது என்றால், சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. துரத்து என்ற பொருளில் வரும் சேஸும் கேட்சும் ஒரே லத்தீன் வேரில் இருந்து, பழைய பிரெஞ்சின் இரண்டு வட்டார வழக்குகள் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. பிரெஞ்சில் இருந்து வந்த வினைக்கு இறந்தகாலம் 'கேட்ச்ட்' என்று இருப்பதுதான் முறை. அதே பொருளில் ஆங்கிலத்தில் முன்பே இருந்த 'லாட்ச்' என்ற வினையின் இறந்தகாலத்தைப் பார்த்து 'காட்' ஆகிவிட்டது. கேட்ச்ட் என்று எழுதும் பிள்ளைகளை அதிகம் திட்டாதீர்கள்.

பெயர்ச்சொல்லாகவும் கேட்ச் வரும். நம் கரையில் அதற்கு மீன்பாடு என்று கச்சிதமான சொல் இருக்கிறது. 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கரையில் கேட்டால், தமிழை அகராதி வைத்துப் படிக்கிற ஒருவர் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள் என்றோ, கஷ்டத்தை விசாரிக்கிறார்கள் என்றோ நினைப்பார். (இரண்டாவது அவ்வளவு தவறும் இல்லை.) ஆராய்ச்சி அறிக்கைகளில் கேட்சோடு லேண்டிங்ஸ் என்றும் வரும். 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைகளைப் புரட்டினால் இது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வலையில் வந்ததெல்லாம் கேட்ச். கடலிலேயே கொட்டியது போகக் கரைக்கு வந்தது லேண்டிங்ஸ். மீன் இறங்குதளம் என்கிறோமே, அந்த இறங்குதான். பைகேட்ச் என்றால் சங்காயம் என்று நேராக எழுதிவிடுவதும் சரியில்லை. தேடிப் போகாமல் வலையில் சிக்கிய எல்லாமே பைகேட்ச், ஆமை உட்பட. சங்காயம் அதில் ஒரு பகுதி, கோழித்தீவனத்துக்குப் போவது.

கடைசியாக, 'வாட்ஸ் தி கேட்ச்?' இதை 'என்ன மீன் கிடைத்தது' என்று மொழிபெயர்த்தவனை வகுப்பில் எல்லோரும் ஓட்டினார்கள். 'இதில் என்ன உள்குத்து?' என்பதுதான் அர்த்தம், தூண்டிலில் இரைக்குள் மறைந்திருக்கும் முள் மாதிரி. அவன் விடவில்லை. "சார், வியாபாரி வட்டியில்லாம முன்பணம் தர்றார்னு வைங்க. பாடு முழுக்க அவர்கிட்டதான் போடணும், விலையும் அவர் சொல்றதுதான். அங்கே கேட்ச் எது?"

கேட்ச் தான் கேட்ச் என்றேன்.