சாவியை விட்டதும் அணைகிறதா? காயில் வயரிங்கைப் பாருங்கள்

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பழைய கார் உறுமுகிறது, கையை எடுத்ததும் அணைந்துபோகிறது என்றால் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். நான் கழற்றினேன். ஒரு மாலை முழுக்க ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். கோளாறோ காயிலுக்கு (பிளக்கில் பொறி விழ உயர் அழுத்தம் தரும் சுருள்) மின்சாரம் வரும் வழியில், பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் வெள்ளைப் பீங்கான் துண்டுக்குள் இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

மின்சாரம் போகும் வழியை முதலில் விரலால் தொடர்ந்து பாருங்கள். பேட்டரி, இக்னிஷன் சுவிட்ச், காயிலின் பிளஸ் முனை, உள்ளே தடித்த கம்பிச் சுருள், மைனஸ் முனை, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து தரும் பாகம்) இருக்கும் பாயிண்ட், அதாவது இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சிறு சுவிட்ச், கடைசியில் எர்த் எனப்படும் வண்டியின் பாடி. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் இரும்புக் கருவில் காந்தப்புலம் ஏறி நிற்கும். பாயிண்ட் திறந்ததும் அது சரியும். அந்தச் சரிவில், பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய சுருளில் பிளக்கைப் பொறிய வைக்கும் உயர் அழுத்தம் பிறக்கிறது. பாயிண்டோடு இணைந்த கண்டென்சர் கெட்டால் பொறி பாயிண்டிலேயே விழுந்து அதைக் கரித்துவிடும்.

சில காயில்களில் பிளஸ், மைனஸ் குறி இருக்காது. எஸ்டபிள்யூ (SW) என்றிருந்தால் சுவிட்ச் பக்கம், சிபி (CB) என்றிருந்தால் பாயிண்ட் பக்கம். 15, 1 என்று எண் போட்டவற்றில் 15 சுவிட்சுக்கு, 1 பாயிண்டுக்கு. பேட்டரியின் பிளஸ் பாடியோடு இணைந்த மிகப் பழைய வண்டிகளில் மட்டும் பிளஸ், மைனஸ் இணைப்பு தலைகீழ். மாற்றிப் போட்டாலும் இன்ஜின் ஓடும். பொறிதான் இளைத்திருக்கும், அதனால் பலர் இந்தத் தவற்றைக் கவனிப்பதே இல்லை.

இனி பேலஸ்ட். ஏறத்தாழ 3 ஓம் காயிலுக்கு அது தேவையில்லை, 1.5 ஓம் காயிலுக்குத் தேவை. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி அழுத்தம் இறங்கும் என்பதால், அந்நேரம் மட்டும் பேலஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு இன்னொரு வயர் காயிலுக்கு நேராக மின்சாரம் தருகிறது. என் வண்டி சாவியைப் பிடித்திருக்கும்வரை ஓடியதன் ரகசியம் அதுதான். 1.5 ஓம் காயிலை பேலஸ்ட் இல்லாமல் 12 வோல்ட்டில் மாட்டினால் 8 ஆம்பியர் பாயும். காயில் கொதிக்கும், பாயிண்ட் தீயும்.

உங்கள் வண்டியில் எது? வயர்களைக் கழற்றி, காயிலின் இரு சிறு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அது கணக்கைக் கெடுக்கும்.

பிறகு வயர்களை மாட்டி, சாவியைப் போட்டு, பிளஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் மின்சாரம் ஓடாது, பேலஸ்ட் இருந்தாலும் மீட்டர் முழு 12-ஐக் காட்டி ஏமாற்றும். மூடிய நிலையில் 12-க்கு அருகில் வந்தால் பேலஸ்ட் இல்லை, 6 முதல் 8 வரை வந்தால் இருக்கிறது. பீங்கான் துண்டு கண்ணில் படாவிட்டாலும் இதை நம்புங்கள். சில வண்டிகளில் அது வயர்க் கட்டுக்குள்ளேயே மின்தடை வயராக ஒளிந்திருக்கும்.

அளந்து முடித்ததும் சாவியை உடனே அணையுங்கள். பாயிண்ட் மூடியபடி நின்றால் காயில் சில நிமிடங்களில் சூடேறிவிடும்.