மணலுக்குள் காற்று ஓடும் வழியைப் படம் பிடிக்கலாம் வாங்க

மீன்தொட்டியில் காற்றை விட்டால் குமிழ் குமிழாக மேலே வரும். அதே காற்றை நீர் நிரம்பிய நுண்மணலுக்குள் விட்டால் குமிழைக் காணோம்; வேர் கிளைப்பது மாதிரி சில வழிகளைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஓடுகிறது. நிலத்தடி நீரில் கலந்த பெட்ரோலை அகற்ற அடியில் காற்றைச் செலுத்துகிறவர்களுக்கு இதுதான் தலைவலி, காற்று எட்டாத இடம் லேசில் சுத்தமாகாது.

படி 1: தொட்டி. 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 1 செ.மீ. இடைவெளி, 40 செ.மீ. உயரம். இடைவெளி கூடினால் வெளிச்சம் ஊடுருவாது. அடியில் காற்றுக் குழாய், அதில் ஒருவழி வால்வு. இல்லையென்றால் பம்ப்பை நிறுத்தியதும் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்.

படி 2: மணல். வெள்ளை சிலிக்கா மணலைச் சலித்து, அரை மி.மீ. சுமார் உள்ளதை எடுத்து, தூசி போக அலசுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, தொட்டியைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நான் முதல்முறை காய்ந்த மணலில் தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்று சிக்கி, ஒரு நாள் வேலை வீணாகப் போனது.

படி 3: வெளிச்சம். பின்னால் எல்இடி பேனல், முன்னால் ஸ்டாண்டில் போன், அறை இருட்டு. தண்ணீரும் மணலும் சேரும் இடத்தில் ஒளி அரை சதவீதம் போலத்தான் திரும்பும், காற்றும் மணலும் சேர்ந்தால் 4 சதவீதத்துக்கு மேல். அதனால் காற்று போகும் வழி கறுப்பாகத் தெரியும். போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் 1/50 வைத்தால் எல்இடி மினுமினுப்பு தொல்லை குறையும்.

படி 4: காற்று விடும் முன் ஒரு படம். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, மறந்தால் மற்றதெல்லாம் வெறும் அழகுப் படம். அப்புறம் வால்வை மெல்லத் திறவுங்கள். 40 செ.மீ. தண்ணீரைத் தள்ளவே சுமார் 4 கிலோபாஸ்கல் வேண்டும், மணல் துளைகள் பிடித்து வைத்திருக்கும் நீரைத் தள்ளத் தேவையான நுண்புழை அழுத்தம் அதோடு கூடுதலாக வேண்டும். அவசரப்பட்டால் மணலே பிளந்து எழும்பிவிடும்.

படி 5: இமேஜ்ஜே (ImageJ) என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் அடிப்படைப் படத்தால் வகுங்கள். கழித்தால் பேனலின் வெளிச்ச ஏற்றத்தாழ்வு கொஞ்சம் தங்கும், வகுத்தால் போய்விடும். விடை 1-க்கு அருகே என்றால் ஒன்றும் மாறவில்லை, குறைந்தால் காற்று. எவ்வளவு காற்று என்று கணக்கிட மட்டும் போன் படம் போதாது, வழியைப் பார்க்கத்தான்.

காற்றை நிறுத்திய பிறகும் கறுப்புத் திட்டுகள் அங்கங்கே இருக்கும், அது சிக்கிய காற்று. அடுத்த சுற்றுக்கும் பழைய அடிப்படைப் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுத்தால் அந்தத் திட்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும்.