ஒரே வரியில் இரண்டு வாளி: சந்திரா தரவில் ஃபோட்டான் குவிவுக்கு அளவுகள் வைப்பது எப்படி?

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் தராசில் பாலைக் கொட்டிவிட்டால் ஏட்டில் ஒரே வரிதான் விழும். ஆள் கணக்கு ஒன்று குறையும், எடை கூடும். எக்ஸ்-கதிர்களைப் பார்க்கும் சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் ஏசிஸ் கேமராவுக்கும் அதே சிக்கல். அது வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் ஏடு எழுதுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு சட்டகம். அதற்குள் ஒரே 3×3 பிக்சல் கட்டத்தில் 1.5 கேஇவி (ஆற்றல் அலகு) ஃபோட்டான்கள் இரண்டு விழுந்தால், 3 கேஇவியில் ஒரே நிகழ்வாகப் பதியும். இதுதான் குவிவு (பைல்அப்). மின்னூட்டம் பரவிய வடிவம் கெட்டுப்போனால் அந்த நிகழ்வும் தள்ளுபடியாகும்.

முதலில் குவிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சட்டகத்துக்குச் சராசரியாக 0.1 ஃபோட்டான் வந்தால், பதிவானதில் ஏறக்குறைய 5 விழுக்காடு கலப்படம். 0.3 என்றால் 14 விழுக்காடு. சந்திரா தரவை அலசும் சியாவோ மென்பொருள் தொகுப்பின் பைல்அப்_மேப் கருவி காட்டுவது பதிவான எண்ணிக்கையை. குவிவு ஏற்கெனவே தின்றது அதில் இருக்காது, ஆகவே உண்மை அதைவிட மோசம். நிகழ்வுக் கோப்பை மறுபடி தயாரிக்கும்போது செக்_விஎஃப்_பிஎச்ஏ-வை ‘நோ’ என்று வையுங்கள். பின்னணியைத் துடைக்க வந்த அந்த வடிகட்டி, குவிந்த மூலத்தின் நல்ல நிகழ்வுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

சியாவோவில் நிறமாலைக்கு மாதிரி பொருத்தும் நிரல் ஷெர்பா. அதில் குவிவு மாதிரியின் பெயர் ஜேடிபைல்அப். அதைச் செட்_பைல்அப்_மாடல் வழியாகத் தனியே இணைக்க வேண்டும். மூல மாதிரியோடு பெருக்கிவிடாதீர்கள்.

சட்டக நேரத்தைக் குறிக்கும் எஃப்டைம் முன்னிருப்பாக 3.241 என்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிகழ்வுக் கோப்பின் தலைப்பில் உள்ள எக்ஸ்ப்டைம் மதிப்பைப் போடுங்கள். டைம்டெல் வேண்டாம், அதில் சட்டகத்தை நகர்த்தும் 0.041 விநாடியும் சேர்ந்திருக்கிறது. முழுச் சட்டகத்தில் வித்தியாசம் சின்னது. ஆனால் சிப்பில் எட்டில் ஒரு பங்கை மட்டும் படித்த நோக்கீடு என்றால் சட்டக நேரமே 0.4 விநாடிதான். அங்கே 3.241-ஐ விட்டால் விடை முழுக்கத் தப்பு. ஃப்ராக்எக்ஸ்ப்-ஐ ஏஆர்எஃப் (கருவியின் உணர்திறன்) கோப்பின் ஃப்ராக்எக்ஸ்போ-விலிருந்து எடுங்கள். ஜி0, என் இரண்டும் 1, என்டெர்ம்ஸ் 30. இந்த மூன்றையும் தொட வேண்டாம்.

பொருத்தத்தில் நகரவிட வேண்டியவை இரண்டுதான். ஆல்ஃபா என்பது இரட்டை வரியைக் கிராணி அடிக்காமல் விடும் வாய்ப்பு. 0.5-இல் தொடங்கி 0 முதல் 1 வரை நகரவிடுங்கள். எஃப் என்பது மூலத்தின் நடுவில், அதாவது குவிவு நடக்கும் இடத்தில், விழும் பங்கு. தொடக்கம் 0.95. கீழ் எல்லை 0.9-ஆக இருக்கும், தேவைப்பட்டால் 0.85 வரை இறக்கலாம். எடுக்கும் வட்டம் சுமார் 2 வில்விநாடி ஆரத்தில் இருக்கட்டும். பெரிதாக்கினால் குவியாத ஓரங்களும் உள்ளே வந்து எஃப்-இன் பொருளைக் கெடுக்கும்.

7 கேஇவிக்கு மேல் வெட்டும் பழக்கத்தை இங்கே விடுங்கள். சேர்ந்து விழுந்தவை ஒதுங்கும் இடமே அதுதான்.

குவிவு இல்லாமல் ஒருமுறை பொருத்தி, கிடைத்த மதிப்புகளிலிருந்து தொடங்குங்கள். நார்ம் (மூலத்தின் பிரகாச அளவு) மதிப்பை மட்டும் சற்று உயர்த்துங்கள், ஏனென்றால் அது எப்போதும் குறைவாகத்தான் வரும். மூலம் மங்கல், குவிவு குறைவு என்று ஒரு விடை. மூலம் பிரகாசம், குவிவு அதிகம் என்று இன்னொரு விடை. இரண்டும் ஒரே அளவு நன்றாகப் பொருந்தி ஏமாற்றும். ஆகவே விடை தேடும் முறையை மோன்கார் என்று மாற்றிப் பல தொடக்கங்களில் ஓட்டுங்கள். அது நேரம் பிடிக்கும். சுங்கை சிப்புட் பக்கம் மாலை இடிமழையில் கரண்ட் போனால் பாதி வேலை போய்விடும், பழைய பேட்டரியோடு இருக்கிற லேப்டாப்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சேவ் கட்டளையால் அமர்வைச் சேமியுங்கள்.

பொருத்தி முடித்ததும் ஜேடிபைல்அப் மாதிரியைப் பிரிண்ட் கட்டளையால் அச்சிட்டால் அது குவிவு விகிதத்தைச் சொல்லும். ஆல்ஃபா 0-இலோ 1-இலோ முட்டி நின்றால் அந்த விடையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரத்து இறகுப் பகுதியிலிருந்தோ, படிக்கும்போது விழும் கோட்டிலிருந்தோ தனி நிறமாலை எடுத்து ஒப்பிடுங்கள். அங்கே குவிவு மிகக் குறைவு. கடைசியில் பாய்வை (மூலத்திலிருந்து வந்து சேரும் ஆற்றலை) கணக்கிடும்போது கால்க்_எனர்ஜி_ஃப்ளக்ஸ் மூல மாதிரியை மட்டுமே பார்க்கும். குவிவுக்கென்று கையால் மறுபடி திருத்தினால் இரட்டைத் திருத்தமாகிவிடும்.